கூடைக்குள் போன கை

பாலக்காட்டு ஸ்டேஷனில் இறங்கியதும் முதல் வேலையாக ஒரு பொய் சொன்னேன். பதிப்பகத்திலிருந்து அருள் போன் செய்து, "மேடம், மூணாவது அத்தியாயம் திருத்தி முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டான். "முடிஞ்சுது அருள், ஒரு தடவை பார்த்துட்டு அனுப்பறேன்" என்றேன். அச்சுப்படி பைக்குள் கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. அன்று திங்கள். வெள்ளிக்கிழமை புத்தகம் அச்சுக்குப் போயாக வேண்டும். பதற்றப்பட வேண்டியவள் நான், பட்டுக்கொண்டிருந்தது அவன்.

புத்தகம் மூன்று பழைய சினிமா டைரக்டர்களைப் பற்றியது. ஒருவருடைய படத்தில் படிக்கட்டு இல்லாமல் காதல் கிடையாது. ஏறினால் கல்யாணம், இறங்கினால் பிரிவு, நடுப்படியில் நின்றால் இடைவேளை. இன்னொருவர் கண்களை நம்பியவர். திரை முழுக்க ஒரே முகம், அதில் பாதிக்குக் கண், ஓரத்தில் ததும்பிக்கொண்டு ஒரு சொட்டு. விழுமா விழாதா என்று தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். மூன்றாமவர் ஞானமூர்த்தி. என் ஆள். அவர் படத்தில் யாருக்காவது துக்கம் வந்தால் உடனே திரும்பிக்கொள்வார்கள், நமக்கு முதுகுதான் தெரியும். பின்னணியில் வயலின் இழையாது. காமிரா நகராது. கல்லூரியில் முப்பது வருஷம் அந்த முதுகுகளைப் பற்றிப் பாடம் எடுத்துத்தான் ஓய்வு பெற்றேன். மூன்றாவது அத்தியாயத்துக்குத் தலைப்பே 'முதுகு'. நாற்பது பக்கம்.

அவருடைய இரண்டாவது படத்தில்தான் அது ஆரம்பித்தது. வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏலத்தோட்டத்தில் எடுத்த காட்சி. ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் காய் காய்ப்பது தரையை ஒட்டித்தான். பதினோரு பெண்கள் செடியடியில் குத்தவைத்து உட்கார்ந்து காய் எடுக்கிறார்கள். பதினோரு முதுகு. வெட்டாமல் ஏழு நிமிஷம். இதைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதியபோது தோட்டத்தின் பெயரையும் குறிப்பிட்டிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து தங்கமணி என்ற பெண்மணி கடிதம் போட்டிருந்தார்.

'எங்கம்மா பேரு பேச்சியம்மா. நான் பத்து மாசக் கொழந்தையா இருக்கறப்பவே எறந்துட்டாங்க. ஊட்டுல ஒரு போட்டோகூட இல்லீங்க. எங்கப்பா தோட்டத்துல லாரி ஓட்டுனவரு. உங்கம்மா ஒரு சினிமாவுல இருக்கறான்னு மட்டும் சொல்லுவாரு, எந்தத் தோட்டமுன்னு கேட்டா எந்திரிச்சுப் போயிருவாரு. இப்ப அவரும் இல்லீங்க. அவரோட பெட்டியில இருந்த பழைய சம்பளச் சீட்டுல நீங்க எழுதுன தோட்டத்துப் பேருதானுங்க இருக்குது. அந்தப் பதினோரு பேர்ல எங்கம்மா யாருன்னு நீங்கதான் சொல்லோணும்.'

நான் எப்படிச் சொல்வேன்? ஒரு முகம்கூடத் தெரியாத காட்சி அல்லவா அது! ஆனால் கடிதத்தை மூடி வைக்கவும் முடியவில்லை. அப்படித்தான் கிளம்பினேன்.

படத்தின் நல்ல பிரதி கல்பாத்தியில் விச்சுவிடம் இருந்தது. வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். பழைய படங்களைத் தேடிப் பிடித்து, கம்ப்யூட்டரில் கறை நீக்கிச் சேர்த்து வைப்பதுதான் இப்போது அவருக்கு முழுநேர வேலை. "வாங்கோ வாங்கோ, முதல்ல காப்பி சாப்பிடுங்கோ. உங்க முதுகுக்காரர் குளிச்சு ரெடியாக்கும்" என்றார். காபி அமிர்தம். கூடவே ராமசேரி இட்லி. தோசைக்கும் இட்லிக்கும் நடுவில் தட்டையாக, பஞ்சு மாதிரி இருந்தது. நாலு தின்றேன்.

விச்சு படிக்கட்டுக் கட்சி. நாங்கள் சந்தித்தால் சண்டை நிச்சயம். "ஏழு நிமிஷம் ஒருத்தர் முதுகையே பாத்துண்டு இருக்கறதுக்கு நான் ரேஷன் கடை வரிசையில போய் நிப்பேனே! டிக்கெட் எதுக்கு?" என்றார். முகம் நடிக்கும், முதுகுக்கு நடிக்கத் தெரியாது, அதனால்தான் அது உண்மை என்று நான் என் வழக்கமான பிரசங்கத்தைத் தொடங்கினேன். "அது சரி, ஆனா படிக்கட்டுல ஏறறவாளுக்கும் முதுகு தெரியறதே!" என்றார். நான் ஐந்தாவது இட்லியை எடுத்துக்கொண்டேன்.

பெரிய டிவியில் போட்டுக் காட்டினார். நாலாவது நிமிஷத்தில் நிறுத்தச் சொன்னேன். ஒரு பெண் நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, மூச்சு வாங்குகிறாள். அந்த நேரம் பார்த்து அவளுக்கு இடப்பக்கம் இருப்பவளின் கை அவள் கூடைக்குள் போய்விட்டுத் திரும்புகிறது. கண் சிமிட்டினால் தவறிவிடும். "பாத்தீங்களா? திருட்டு! ஏழையே ஏழைகிட்டத் திருடறா. ஒரு வசனம் இல்லாம சொல்லிட்டார் பாருங்க. இதை என்னைத் தவிர வேற யாரும் கவனிச்சதில்லை. மூணு பக்கம் எழுதியிருக்கேன்" என்றேன். விச்சு கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். "திருடறாளா? கை போறது, வரது. அவ்வளவுதானே தெரியறது?" என்றார். நீங்கள் உங்கள் படிக்கட்டையே பாருங்கள் என்று சொல்லிவிட்டு, பிரதியை என் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டேன்.

மறுநாள் கொழிஞ்சாம்பாறை. போர்டெல்லாம் மலையாளம், பேச்செல்லாம் கோயமுத்தூர். பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் கண்டக்டரிடம் மலையாளத்தில் டிக்கெட் கேட்டார், போனில் தமிழில் மனைவியைத் திட்டினார், அடுத்த சீட்டுக்காரரிடம் இரண்டிலும் அரசியல் பேசினார். சென்னையில் நாம் ஒரு மொழியை வைத்துக்கொண்டே திணறுகிறோம்.

தங்கமணி மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறார். ஐம்பது தாண்டிய வயது, கூட்டத்துக்கே கேட்கும் குரல். "வாங்கக்கா, வாங்க! ஏனுங்க, இத்தனை சின்னப் பையோட வந்திருக்கறீங்க? மலையில குளுருமுங்க!" என்று என் பையைப் பிடுங்கிக்கொண்டார். நான் மலைக்கு வருவதாகச் சொல்லவே இல்லை. வீட்டில் அரிசிம்பருப்புச் சாதம், மேலே நெய், தொட்டுக்கொள்ளத் தயிர். போதும் என்று நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தது.

சாப்பிட்டு முடித்ததும் காட்சியைப் போட்டேன். ஏழு நிமிஷமும் அசையாமல் பார்த்தார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது தடவை முடிந்தபோது முகம் சிவந்துவிட்டது.

"ஏனுங்கக்கா, இந்த ஆளு ஒருக்கா மூஞ்சியக் காட்டியிருந்தா என்னங்க கொறைஞ்சு போயிருக்கும்?"

முப்பது வருஷத்தில் எந்த மாணவியும் கேட்காத கேள்வி. முகம் நடிக்கும், முதுகு நடிக்காது என்று நான் வாயைத் திறந்திருந்தால் என்னை நானே அறைந்துகொண்டிருப்பேன். இந்த அம்மாவுக்குத் தன் தாயைப் பார்க்க உலகத்தில் இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. அதைத்தான் என் ஆள் கலை என்ற பெயரில் திருப்பி உட்கார வைத்துவிட்டார். எனக்கு அவமானமாக இருந்தது.

"நாளைக்கே போலாமுங்க. அந்தத் தோட்டத்துல ஒருத்தராவது உசுரோட இருப்பாங்க" என்றார் தங்கமணி. கணவரைக் கூப்பிட்டு, மாடுகளுக்கு என்ன வைப்பது, கடையை எப்போது பூட்டுவது என்று வரிசையாக உத்தரவு போட்டார். அவரும் தலையை ஆட்டினார்.

மூன்றாம் நாள் முழுக்கப் பயணம்தான். சொல்ல என்ன இருக்கிறது, இடுப்பு வலியைத் தவிர? கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் வைக்கோல் லாரி நின்றுவிட்டது. பின்னால் எங்கள் பஸ், அதன் பின்னால் உலகமே. எல்லோரும் இறங்கி ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தங்கமணி லாரியைச் சுற்றி வந்து, "வைக்கோல் நல்ல வைக்கோலுங்க. இப்பிடி ஒரு பக்கமா அடுக்குனா நிக்காம என்ன செய்யும்?" என்று டிரைவரைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் இறங்கியவர்கள் எல்லோரும் சேர்ந்து வடம் கட்டி இழுக்க, லாரி நகர்ந்தது.

குமுளியில் இறங்கினால் ஒரு கடை திறந்திருக்கவில்லை. ஹர்த்தால்! நம் ஊரில் பந்த் என்றால் பக்கவாட்டுக் கதவு வழியாகவாவது டீ கிடைக்கும். இங்கே ஹர்த்தால் என்றால் ஹர்த்தால்தான். பக்கத்தில் இரண்டு பேர் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர், "எதற்காம் இது?" என்று கேட்டார். மற்றவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "தெரியவில்லை. ஆனால் நன்றாக நடந்திருக்கிறது" என்றார்.

சாயங்காலம் வரை பஸ் இல்லை. பூட்டிய மசாலாக் கடைப் படியில் உட்கார்ந்து, தங்கமணி கட்டிக்கொண்டு வந்திருந்த புளிச்சோற்றைத் தின்றோம். ஷட்டர் மூடியிருந்தாலும் உள்ளே இருந்து ஏலக்காய் வாசம் வந்துகொண்டிருந்தது. அவ்வளவு நேரம் வாய் ஓயாமல் பேசியவர் திடீரென்று குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, அங்க போயி யாருக்குமே தெரியலீன்னா?"

"தெரியும்" என்றேன்.

"எனக்கு அழுகாச்சி வராதுங்க. பாக்காத ஆளுக்கு என்னத்த அழுகறது? ஆனா ஊட்டுல சாமி கும்புடறப்ப அம்மான்னு நெனைச்சா ஒண்ணுமே வர மாட்டேங்குது. வெறும் செவுரு. மூஞ்சி தெரியாட்டிப் போகுதுங்க, இன்னாருன்னு தெரிஞ்சாப் போதுமுங்க."

நான் இலையை மடித்துக் கட்டினேன்.

இரவு குமுளி லாட்ஜில் தங்கி, நாலாம் நாள் காலை ஜீப்பில் வண்டன்மேட்டுக்குப் போனோம். டிரைவர் ஷிபு அந்தத் தோட்டத்தை நன்றாக அறிந்தவர். பழைய ஆட்கள் வேண்டுமென்றால் வெள்ளையம்மாதான் என்று நேரே தொழிலாளர் குடியிருப்பில் கொண்டுபோய் நிறுத்தினார். வழியில் தங்கமணியிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். அம்மா பெயரை முதலில் சொல்ல வேண்டாம். சொன்னால் நம் மனம் நோகக் கூடாதென்று எதையாவது கை காட்டிவிடுவார்கள். பரீட்சை வைத்துப் பழகிய புத்தி எனக்கு. தங்கமணி அரை மனதாகச் சம்மதித்தார்.

வெள்ளையம்மாவுக்கு எழுபதுக்கு மேல். முன்பல் இரண்டு இல்லை, பேச்சில் மட்டும் குறைவில்லை. பூர்விகம் திருநெல்வேலிப் பக்கம். "யாரு தாயி நீங்க? பென்சன் ஆபீசுலருந்தா வாறீக?" என்று கேட்டார். இந்தத் தோட்டத்தில் எடுத்த சினிமாவைக் காட்ட வந்திருக்கிறோம் என்றதும் அடுத்த வீட்டைப் பார்த்து, "ஏட்டி சின்னத்தாயி! அடுப்ப அணைச்சுட்டு ஓடியா! நாம நடிச்ச படத்தக் கொண்டாந்திருக்காக!" என்று ஒரு கூப்பாடு போட்டார். சின்னத்தாயியும் அதே வயதுக்காரர். அடுப்பை அணைக்காமலே வந்துவிட்டார்.

கவிழ்த்துப் போட்ட டிரம் மீது லேப்டாப்பை வைத்தேன். காட்சி ஓடத் தொடங்கிப் பத்து விநாடிகூட ஆகவில்லை, வெள்ளையம்மா திரையில் விரல் வைத்தார்.

"ஏ, இந்தா இது நீதானட்டி! ஒன் முதுகப் பாரு, முருங்கக் கட்டையாட்டம்!"

"ஒன்னுது மட்டும் என்னவாம்? அந்தா, ஓரத்துல இருக்கது முத்தக்கா. தோளு ஒருபக்கமாச் சரிஞ்சிருக்கு பாரு. அதுக்கு அங்கிட்டு கருப்பாயி."

"கொண்டை இல்லாம இருக்கது மாரி."

உலகத்தில் யாருக்கும் முகம் தெரியாத காட்சி இது. இவர்கள் பேர் பேராகச் சொல்லிக்கொண்டு போகிறார்கள்! எப்படித் தெரிகிறது என்று கேட்டேன்.

"இதென்ன கேள்வி? விடிஞ்சதுலருந்து பொழுதடையுற மட்டும் முன்னால உக்காந்து காய் எடுக்கவ முதுகத்தான பாத்துக்கிட்டு இருப்போம்? மூஞ்சியப் பாக்க யாருக்கு நேரம்? முதுகப் பாத்தே அவளுக்குக் காய்ச்சலா, புருசங்கூடச் சண்டையான்னு சொல்லிப்புடுவோம்."

முப்பது வருஷப் பாடத்தை வெள்ளையம்மா இரண்டு வரியில் முடித்துவிட்டார். உற்சாகத்தில் நான், "அதனாலதான் டைரக்டர் முதுகைக் காட்டினாரா?" என்று கேட்டுவிட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அட போ தாயி! அந்தப் பெட்டியப் பாத்ததும் எங்களுக்குச் சிரிப்ப அடக்க முடியல. அவரு 'எடு'ங்காரு, நாங்க சிரிக்கோம். மறுக்கா 'எடு'ங்காரு, மறுக்கா சிரிக்கோம். ஒரு பகல் பூரா போச்சு. மனுசனுக்குக் கோவம் வந்து, 'எல்லாம் அந்தப் பக்கமாத் திரும்பி உக்காருங்க'ன்னுட்டாரு. திரும்புனப் பெறகும் சிரிச்சோம். அது அவருக்குத் தெரியல!"

அடக் கடவுளே! என் நாற்பது பக்கம்! ஞானமூர்த்தியின் மௌனம், ஞானமூர்த்தியின் தவம் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறேனே! ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். கோபத்தில் திருப்பி உட்கார வைத்தவர், பிலிமைக் கழுவி வந்த பிறகு எடுத்ததைப் போட்டுப் பார்த்து என்னவோ கண்டிருக்கிறார். இல்லாவிட்டால் அதற்கப்புறம் எடுத்த அத்தனை படத்திலும் எதற்கு முதுகு? தவறிக் கிடைத்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவும் ஒரு கை வேண்டும். இப்படி என்னைத் தேற்றிக்கொண்டேன்.

நாலாவது நிமிஷம் வந்தது. நிறுத்தினேன். நிமிர்ந்து இடுப்பில் கை வைத்த பெண், அவள் கூடைக்குள் போகும் பக்கத்துக் கை. "இங்க இந்தம்மா அவங்க கூடையிலருந்து காய் எடுக்கறாங்க, இல்லையா?" என்று கேட்டேன். என் மூன்று பக்கமாவது பிழைக்கட்டும் என்று ஒரு நப்பாசை.

வெள்ளையம்மாவின் சிரிப்பு நின்றது.

"என்னது? களவா? யாரப் பாத்து என்ன சொல்லுத? அது என் கை!"

நான் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"எடுக்கல தாயி. போடுதேன்! முழுகாம இருக்கவ எங்களாட்டம் காய் எடுக்க முடியுமா? சாயங்காலம் நிறுக்கயில எடை கொறைஞ்சா நாளைக்கு வேலைக்கு வராதேம்பான் கங்காணி. அதனால வலப்பக்கம் இருக்கவ ரெண்டு பிடி, இடப்பக்கம் இருக்கவ ரெண்டு பிடி அவ கூடையில போட்டுருவோம். கங்காணி கண்ணுல படாம. இங்கன எல்லாருக்கும் எல்லாரும் போட்டதுதான். அந்த டைரக்டரு என்ன போட்டேன்னு வந்து கேட்டாரு. கங்காணி பக்கத்துல நிக்கான், சொல்ல முடியுமா? பூச்சியத் தட்டிவிட்டேன்னேன்."

கல்பாத்தியில் விச்சு சொன்னது காதில் விழுந்தது. கை போகிறது, வருகிறது, அவ்வளவுதானே தெரிகிறது? ஏழையென்றால் திருடத்தான் செய்வாள் என்று நானாக முடிவு கட்டியிருக்கிறேன். அதைப் பிள்ளைகளுக்கு வேறு சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

"அந்த முழுகாம இருந்தவங்க யாருங்க?" தங்கமணியின் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"பேச்சி. லாரி ஓட்டுனானே பழனிச்சாமி, கொழிஞ்சாம்பாறைக்காரன், அவன் பொண்டாட்டி. அப்ப அவளுக்கு ஏழு மாசம். நல்ல பிள்ளை. பொம்பளப் பிள்ளையப் பெத்து, அது தவழ ஆரம்பிக்கயில காய்ச்சல்ல போயிட்டா. அவன் பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் போனவன்தான், இந்தப் பக்கமே வரல."

தங்கமணி டிரம்முக்கு முன்னால் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். திரையில் நிமிர்ந்து நின்றிருந்த முதுகை விரலால் மேலிருந்து கீழே ஒரு தடவை தடவினார். அழுகை வராது என்றவர் அழுதார். நானும் அழுதேன். வெட்கமாக இல்லை.

வெள்ளையம்மா என்னைப் பார்த்தார். தங்கமணியைப் பார்த்தார். "நீயா தாயி? பேச்சி மகளா?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கமணி கேட்டார், "இது எந்த மாசத்துல எடுத்தாங்க?"

"கார்த்திகையில."

"நான் தை மாசம் பொறந்தனுங்க." விரல் விட்டு எண்ணினார். திரையைப் பார்த்தார். "அப்ப நானும் அங்கதான் இருக்கறனுங்களா?"

"பின்ன? ஒனக்குத்தான காய் போட்டேன்" என்றார் வெள்ளையம்மா.

மத்தியானம் கப்பைக்கிழங்கும் மீன் குழம்பும் போட்டார்கள். வெள்ளையம்மா அள்ளி அள்ளித் தங்கமணியின் தட்டில் வைத்தார். போதும் என்ற சொல்லைக் கேட்கவேயில்லை. திரும்பி வரும்போது ஜீப்பில் தங்கமணி வைக்கோல் விலையைப் பற்றி ஷிபுவிடம் விவாதிக்கத் தொடங்கிவிட்டார். மடியில் வெள்ளையம்மா கொடுத்த ஒரு பை ஏலக்காய்.

அன்று சாயங்காலமே குமுளி லாட்ஜில் உட்கார்ந்து அச்சுப்படியைப் பிரித்தேன். திருட்டைப் பற்றிய மூன்று பக்கத்தையும் குறுக்கே அடித்தேன். அந்த இடத்தில் ஒரு பக்கம் புதிதாக எழுதி, நாலாவது நிமிஷத்துக் காட்சியைப் படமாகச் சேர்த்து, அடியில் பெயர்களும் போட்டு அருளுக்கு அனுப்பினேன். அடித்த பக்கங்களுக்காக ஒரு பாட்டம் புலம்பிவிட்டு, வெள்ளி காலையில் மறுபடி கூப்பிட்டான்.

"மேடம், படத்துக்குக் கீழ 'இடமிருந்து வலமாக: வெள்ளையம்மா, பேச்சியம்மா, தங்கமணி'ன்னு போட்டிருக்கீங்க. ஸ்டில்லுல ரெண்டு பேர்தானே இருக்காங்க?"

"மூணு பேர்தான் அருள். அப்படியே போடு."